அளம் தொடங்காத தை

டிசம்பர் 22

அரையாண்டுத் தேர்வுக் கணக்குத் தாள் கட்டு இன்றோடு ஒழிந்தது. கண் பிதுங்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர், அதில் ஆறு பேர் முப்பத்தைந்தைத் தொடவில்லை. மாரிக்கனி முப்பத்தொன்று. இந்தப் பெண்ணை என்ன செய்தால் தகும்! ஜியாமெட்ரியில் முக்கோணத்தை அச்சடித்தாற்போல் வரைந்திருக்கிறாள். கிராஃபில் அளவுத்திட்டம் எழுத மறந்து மார்க்கைத் தொலைத்திருக்கிறாள். ஜியாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, இந்தப் பதினாறும் கையில் இருந்தால் மீதியை ஒன்றிரண்டாகப் பொறுக்கியே பாஸாகிவிடலாம் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

ஜூன் மாதம் நின்றுபோன பிள்ளை இவள். நானே உப்பளக் குடியிருப்புக்குப் போய், அவள் அம்மா சந்தனமாரியிடம், "இவளைப் பாஸாக்குறது என் பொறுப்பு, நீ அனுப்பி மட்டும் வை" என்று சொல்லிக் கூட்டிவந்தேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. விடுவதாக இல்லை.

மழை விட்டபாடில்லை. மாவு பொங்கவே இல்லை. அதற்கும் இவருக்கு என்மேல்தான் கோபம்.

டிசம்பர் 23

கணக்கு டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தின் கூட்டல் கழித்தல் எல்லாம் என் தலையில். மாவட்ட அலுவலகம் தேர்ச்சி விவரம் கேட்டிருக்கிறது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சமூகம் எத்தனை, அதில் பாஸ் எத்தனை. உட்கார்ந்து நிரப்பினேன். ஃபெயிலான ஆறில் நான்கு அளத்துப் பிள்ளைகள். மாரிக்கனி, சுடலைமுத்து, ஜெபஸ்டின், முப்பிடாதி. மீதி இரண்டு கடைத்தெரு. அதில் ஹரிஷ் இருபத்திரண்டுதான். அப்பாவுக்கு இரண்டு ஜவுளிக்கடை, மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வராது.

தலைமையாசிரியை செல்வி அதைப் பார்த்துவிட்டு, "அளத்துப் பக்கம் மட்டும் இல்லேன்னா நமக்கு எப்பவும் நூறுதான், என்ன வடிவு?" என்றாள். நானும் சிரித்தேன். விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு வைக்கலாம் என்றேன். வை என்றாள். பிள்ளைகளுக்குச் சுண்டல் போட ஆள் பார்க்கவேண்டும்.

ஜனவரி 3

அளத்துப் பிள்ளைகள் நாலு பேரும் விடுமுறை முழுக்க வந்தார்கள். ஹரிஷ் ஒருநாள்கூட வரவில்லை. இன்று வைத்த சின்னப் பரீட்சையில் மாரிக்கனி ஐம்பதுக்கு இருபத்தாறு! அளவுத்திட்டமும் எழுதியிருந்தாள். பேப்பரை வாங்கிக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் நாலு மணி நேரம் நின்றுகொண்டே பாடம் நடத்தலாம்.

மதியம் செல்வியோடு சாப்பாடு. அவள் வீட்டு நெத்திலி, என் வீட்டு வெண்டைக்காய்ப் பச்சடி. இருபது வருஷப் பழக்கம். ஒரே நாளில் வேலையில் சேர்ந்து, ஒரே வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள். பிரசவத்தில் நான் கிடந்தபோது என் துணியைத் துவைத்துப் போட்டவள். மூன்று வருஷத்துக்கு முன் அவளே இங்கு தலைமையாசிரியையாக வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் வந்த ராசியோ என்னவோ, மூன்று வருஷமாக என் கணக்கில் செண்டம், எழுதியவர் எல்லாரும் பாஸ். மூன்று முறை விழா மேடையில் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னாலும் இதே வாய்தான், இதே சாக்பீஸ்தான், எண்பதைத் தாண்டியதில்லை. அனுபவம் கூடக்கூடக் கை பழகுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 13

நாளை மறுநாள் பொங்கல். வெல்லம் வாங்கவேண்டும். வீட்டில் ஒட்டடை அடிக்க ஆளில்லை. ஆளில்லை என்றால் நான் என்று பொருள்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே எனக்கு மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி. போகமுடியாது, பரீட்சை நேரம் என்றேன். செல்விதான், "மேலிடத்து உத்தரவு, உன் பேரைத்தான் குடுத்திருக்கேன், கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும், போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தாள். ரெஸ்டாம் ரெஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர் திரையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து மாதிரி வினாத்தாள் போட்டேன்.

போகும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் இருபுறமும் உப்பளம் குளமாகக் கிடக்கிறது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. பங்குனிவரை உப்பு பார்க்கமுடியாது, அளத்துக்காரன் பாடு திண்டாட்டம் என்று கண்டக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு டிக்கெட்டுக்கு மீதி ஐந்து ரூபாய் கொடுக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

ஜனவரி 21

வகுப்புக்குள் நுழைந்தால் அந்த நான்கு இடமும் காலி. மாரிக்கனியும் இல்லை. செல்வியிடம் ஓடினேன். "தை பிறந்துட்டுல்லா, அளத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. வருஷா வருஷம் நடக்கிறதுதானே" என்றாள்.

நடக்கிறதுதான். இந்த ஊரில் தை மாதம் அளத்து வேலை தொடங்கினால் பிள்ளைகளும் கூடவே போய்விடுவது வழக்கம். முன்பெல்லாம் பரீட்சைக்காவது வந்து எழுதிவிட்டுப் போவார்கள். இந்த மூன்று வருஷமாக அதற்கும் வருவதில்லை. காலம் கெட்டுவிட்டது.

ஆனால் சந்தனமாரி! என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒங்கள நம்பித்தான் விடுதேன்" என்றவள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கக்கூடாதா? நன்றி கெட்ட ஜனங்கள். நான் இவர்களுக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் வீண். இனி ஒருத்தர் வாசலிலும் போய் நிற்கமாட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 30

திருப்புதல் தேர்வு. ஹரிஷ் இருபத்தொன்பது. தேறிவிடுவான்.

பிப்ரவரி 11

கேஸ் தீர்ந்துபோய் மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்தேன். காலை வகுப்புக்கு அரைமணி தாமதம். செல்வி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷமும் நூறு வந்தால் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவார்களாம், பேச்சு நடக்கிறதாம். பதினொன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வெளியூர் போகவேண்டாம் என்றாள். நல்ல காரியம்தான்.

பிப்ரவரி 24

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் மீன் வாங்கப் போனேன். ஏலக்கூடத்தின் ஓரத்தில் சந்தனமாரி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நேரே போய் நின்று, பிள்ளையை அளத்துக்கு அனுப்பிவிட்டு இப்போது முகத்தை வேறு திருப்புகிறாயா என்று நாலு பேர் பார்க்கக் கேட்டேன்.

அவள் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள்.

"அளமா? அளத்துல தண்ணில்லா கெடக்கு டீச்சர். இந்த வருசம் இன்னும் ஒரு கல்லு உப்பு எடுக்கல. அதனாலதான நான் இங்க வந்து நாறிக்கிட்டு கெடக்கேன்."

குளமாகக் கிடந்த பாத்திகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தினமும் அந்த வழியாகத்தான் பஸ் போகிறது.

பிறகு அவளே சொன்னாள். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று நான்கு வீட்டுப் பெற்றோரையும் செல்வி கூப்பிட்டுவிட்டிருக்கிறாள். உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறாள். பிள்ளை எழுதினால் நிச்சயம் ஃபெயில், ஃபெயில் என்று விழுந்துவிட்டால் அந்தக் கறை சாகும்வரை போகாது, மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்து இப்போதே நிறுத்திக்கொண்டு தையல் வகுப்புக்கோ கம்பெனிக்கோ அனுப்புங்கள், அடுத்த வருஷம் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். சந்தனமாரி, கணக்கு டீச்சரைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றிருக்கிறாள்.

"பெரிய டீச்சர்தான் சொன்னாவ, கணக்கு டீச்சர் சொல்லித்தான் ஒங்களக் கூப்பிட்டதே, ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல அவளுக்கு மனசு வரல, அதான் இன்னிக்கு லீவு போட்டுட்டுப் போயிட்டான்னு. நீங்களே சொல்லிட்டியன்னா அப்புறம் நான் யாருகிட்ட போயி கேக்க? போட்டுட்டேன்."

நான் சொல்லவில்லை, நான் பயிற்சிக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. மாரிக்கனி இப்போது அத்தை வீட்டில் இருந்துகொண்டு இறால் கம்பெனிக்குப் போகிறாளாம். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 25

செல்வி அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். அவள் மறுக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

பள்ளிக்கூடம் தரம் உயரவேண்டும், நாலு பேருக்காக நாற்பது பேர் எதிர்காலத்தை விடமுடியுமா என்றாள். ஹரிஷ் இருபத்திரண்டு, மாரிக்கனி முப்பத்தொன்று, நீ ஹரிஷை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"அவங்க அப்பன் நாளைக்கே பத்துப் பேரோட வந்து வாசல்ல நிப்பான் வடிவு. அளத்துக்காரங்க டீயைக் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. உனக்குத் தெரியாததா?"

என் பேரை ஏன் இழுத்தாய் என்றேன். உன் பேரைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்றாள். உப்புப் போடு, புளி போடு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நீ இப்படிப்பட்டவளா என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"மூணு வருஷமா மேடையேறி வாங்கினியே, அந்தச் செண்டம் எப்படி வந்துதுன்னு நினைச்சே? உன் சாக்பீஸ்லேருந்தா?"

உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க மார்ச் முதல் வாரம்வரை துறை அவகாசம் கொடுத்திருக்கிறது, நாலு பேரையும் நானே சேர்த்துவிடுகிறேன், என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷக் கை. அவளும் மனுஷிதானே. தெரியாமல் செய்துவிட்டாள்.

அந்தச் செண்டத்தைப் பற்றி அவள் சொன்னது கோபத்தில் சொன்னது. போன வருஷம் தையில் நின்றவர்கள் நிஜமாகவே அளத்துக்குத்தான் போனார்கள். போன வருஷம் மழை இல்லை.

பிப்ரவரி 26

சந்தனமாரியைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு மாரிக்கனி கட்டாயம் வரவேண்டும், மற்ற மூன்று வீட்டுக்கும் சொல்லிவிடு, ஹால் டிக்கெட் என் பொறுப்பு என்றேன். கடைசி நாள்வரை கம்பெனியில் லீவு கிடைக்காது, புத்தகத்தைக் கொடுங்கள், ராத்திரி படிப்பாள் என்றாள். முக்கியமான கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 6

செல்வியிடம் கேட்டேன். அனுப்பியாயிற்று என்றாள்.

மார்ச் 12

இவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. இனி வீட்டில் வெல்லம் கிடையாது. சொன்னால் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

மார்ச் 19

ஹால் டிக்கெட் வந்தது. முப்பத்தேழு பேருக்கு. பிந்திச் சேர்த்ததால் அந்த நாலும் தனியாக வரும் என்றாள் செல்வி. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். நிமிர்ந்துதான் பதில் சொன்னாள்.

மார்ச் 25

நாளை தமிழ்ப் பரீட்சை. சொந்தப் பள்ளியில் மேற்பார்வை போடமாட்டார்கள் என்பதால் எனக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி. நாலு பேருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டதா என்று செல்விக்குப் போன் போட்டேன். "எல்லாம் வந்துட்டு, காலையில கையில குடுத்துருதேன், நீ நிம்மதியா போ" என்றாள். காலையில் பள்ளியிலேயே ஹால் டிக்கெட் கிடைக்கும் என்று சந்தனமாரிக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 26

மத்தியானம் பரீட்சை முடிந்து போனைத் திறந்தால் சந்தனமாரியின் அழைப்பு ஒன்பது முறை. திரும்பக் கூப்பிட்டேன். அவள் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் வாங்கிச் சொன்னாள்.

மற்ற மூவரும் நம்பாமல் வரவேயில்லை. மாரிக்கனி மட்டும் ராத்திரியே யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டு, விடியக்காலையில் குளித்து, இரட்டைச் சடை போட்டு, எட்டரைக்கெல்லாம் வந்து கேட்டில் நின்றிருக்கிறாள். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். இவள் கணக்கு டீச்சர் வருவார்கள், வருவார்கள் என்று நின்றிருக்கிறாள். பத்து மணிக்கு மணி அடித்ததும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியிருக்கிறார். செல்வி வெளியே வரவே இல்லையாம்.

மார்ச் 27

பெயரே அனுப்பவில்லை. ஒன்றையும் அனுப்பவில்லை.

ஏன்டி, பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாயே என்றேன். "நீ அன்னிக்கு இருந்த இருப்பைப் பாத்துப் பயந்துட்டேன். உன்னை ஆத்துறதுக்குச் சொன்னது. நீ போய் அவங்ககிட்டயே சொல்லி வைப்பேன்னு கனவா கண்டேன்?" என்றாள். அப்படியென்றால் நேற்றுமுன்தினம் போனில் சொன்னது? அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறக்கப் போனாள். மேஜையில் என் பங்கு நெத்திலி டப்பா இருந்தது. எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தேன். பிரசவத்தில் என் துணி துவைத்த கை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! கழுத்தை அறுத்துவிட்டாள் பாவி.

ஏப்ரல் 9

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். நாலு பேர் விஷயத்தைத் தெளிவாக எழுதினேன். இந்த வருஷத்தை மட்டும்தான் எழுதினேன். போன வருஷங்கள் வேறு விஷயம், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வாங்கிக்கொண்ட அலுவலர் பழைய தேர்ச்சி விவரமும் இணைத்தால் நல்லது என்றார். பிறகு பார்க்கலாம் என்றேன்.

மே 2

பதில் வந்தது. நான்கு பெற்றோரும் தாமாக விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. மூன்றே வரி.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவரே தோசை சுட்டுக் கொடுத்தார். கருகிப்போயிருந்தது. அதையும் சாப்பிட்டேன்.

மே 16

நூறு சதவீதம்.

எழுதிய முப்பத்தேழு பேரும் பாஸ். ஹரிஷுக்குக் கணக்கில் முப்பத்தாறு. அவன் அப்பா பள்ளிக்கு ஒரு பெட்டி லட்டு அனுப்பியிருக்கிறார். ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் செல்வி, நான்காவது வருஷமாகக் கணக்கில் செண்டம் கொடுத்த வடிவு டீச்சருக்கு வாழ்த்துகள் என்று போட்டிருந்தாள். கீழே வரிசையாகக் கைதட்டல். நான் பதில் போடவில்லை. குழுவிலிருந்து வெளியேறவும் இல்லை. ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது.

மே 18

இன்று அளத்துக்குப் போனேன். தண்ணீர் வற்றி ஒருவழியாக வேலை தொடங்கியிருக்கிறது. கம்பெனியிலிருந்து மாரிக்கனியையும் அம்மா இங்கே கூட்டிவந்துவிட்டாளாம். வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசியது. தூரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடை சுமந்தவர்களில் எது அவள் என்று முதலில் தெரியவில்லை. அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். கூடையை இறக்கிவிட்டு வரப்புக்கு வந்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். தனித்தேர்வராக எழுதலாம், விண்ணப்பத்தை நானே போடுகிறேன், சனி ஞாயிறு என் வீட்டுக்கு வா, ஜியாமெட்ரியும் கிராஃபும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நடந்ததற்கெல்லாம் யார் காரணம் என்றும் சொன்னேன். செல்வி உன் அம்மாவையும் ஏமாற்றினாள், என்னையும் ஏமாற்றினாள் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் ஜனவரியிலயே நெனச்சேன் டீச்சர், நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டியன்னு. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துருவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஜூன்ல வந்தியள்லா, அது மாதிரி."

அன்று நான் கோபத்தில் இருந்தேன், நீங்கள் அளத்துக்குப் போய்விட்டதாக நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இந்தா வாரேன் என்று குரல் கொடுத்தாள்.

"பெரிய டீச்சர் மேல எனக்குக் கோவமே இல்ல டீச்சர். அவ்வோள நாங்க நம்பவே இல்லையே. ஒங்களத்தான நம்புனோம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். வகுப்பில் பதில் சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். பிறகு, வெயில் ஏறுது, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் போனாள். பஸ் வரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.